அறையில் தூங்காத ஒருவர் வேண்டும்

டிசம்பர் விடுமுறைக்குக் குளிர்நாடு கிளம்பும் சிங்கப்பூர்க் குடும்பங்கள் பெட்டியில் எதையெல்லாமோ அடுக்குகின்றன. படகு வீட்டிலோ கேரவனிலோ கதவைச் சாத்திக்கொண்டு தூங்கும் இரவுக்குத் தேவையான ஒன்று மட்டும் விட்டுப்போகிறது.

சனிக்கிழமை இரவு பத்தரை மணி. சையது ஆல்வி ரோட்டுப் பக்கம் ஒரு பெரிய கடையில், குளிர்கால உடைகள் தொங்கும் வரிசை. வெளியே புழுக்கம். உள்ளே ஏழு வயதுப் பையன் ஒருவன் கம்பளிக் குல்லாவை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நிற்கிறான், நெற்றியெல்லாம் வியர்வை. அப்பா கைப்பேசியைப் பார்த்துப் பட்டியலை வாசிக்கிறார். தெர்மல் நான்கு செட், கையுறை, உதட்டுக்குப் பூச மெழுகு, கைச்சூட்டுப் பொட்டலம், கோப்பை நூடல்ஸ், எலுமிச்சை ஊறுகாய். அம்மா தள்ளுவண்டியில் எண்ணி எண்ணிப் போடுகிறார். "ஸ்ரீநகர்ல ரெண்டு ராத்திரி படகு வீடு. ஏரிக்கு நடுவுல!" என்று விற்பனையாளரிடம் அப்பா பெருமையாகச் சொன்னார்.

நான் பக்கத்து வரிசையில் காலுறை தேடிக்கொண்டிருந்தேன். தேடுவதை நிறுத்திவிட்டு அவரிடம் போய்ப் பேசலாமா என்று யோசித்தேன். எட்டு ஆண்டுகளுக்கு முன் அதே பட்டியலோடு அதே மாதிரிக் கடையில் நின்றவன் நான்.

தால் ஏரி. டிசம்பர் கடைசி வாரம். ஸ்ரீநகர்வாசிகள் 'சில்லை கலான்' என்று அழைக்கும் நாற்பது நாள் கடுங்குளிர் டிசம்பர் 21 அன்று தொடங்கிவிடும். தேவதாரு மரத்தால் கட்டிய படகு வீடு, கூரையெங்கும் செதுக்கு வேலை, உள்ளே நுழைந்ததும் மர வாசம். கூடத்தில் புகைக்குழாய் வைத்த 'புகாரி' அடுப்பு எரிந்தது. படுக்கையறையில் மின்சாரப் போர்வை மட்டும்தான். பதினோரு மணிக்கு மின்சாரம் போனது. என் மகளுக்கு அப்போது ஆறு வயது. இருமிக்கொண்டே இருந்தாள். பராமரிப்பாளரை எழுப்பி நெருப்புக் கேட்டேன். இரும்புச் சட்டியில் கனன்ற கரித்தணலைக் கொண்டுவந்து கட்டிலோரம் வைத்தார். பிறகு ஜன்னலை இரண்டு விரல் அகலத்துக்குத் திறந்துவைத்தார். இதைச் சாத்தாதீர்கள் என்று இந்தியில் இரண்டு முறை சொல்லிவிட்டுப் போனார்.

அந்த இடுக்கு வழியாக ஏரிக்காற்று ஊசிபோல் வந்தது. அவர் காலடிச் சத்தம் அடங்கியதும் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினேன்.

மூன்று மணி இருக்கும். "தம்பி, தல வெடிக்குதுப்பா" என்று அதே அறையில் படுத்திருந்த என் அம்மா கூப்பிட்டது கனவுக்குள் கேட்பதுபோல் கேட்டது. அவர் எழுந்து கதவு வரை போயிருக்கிறார். அங்கேயே கால் மடங்கி விழுந்தார். விழுந்த வேகத்தில் கதவு திறந்துகொண்டது. அந்தக் காற்று வந்திராவிட்டால் இந்தக் கட்டுரையை வேறு யாராவது எழுதியிருப்பார்கள். என் மனைவி வாந்தி எடுத்தார். மகள் எழவில்லை. போர்வையோடு வாரிக்கொண்டு வெளித்திண்ணையில் உட்கார்ந்தோம், உறைபனிக் காற்றில். எவ்வளவு நேரமென்று தெரியாது. அவள் வாந்தி எடுத்து, பிறகு அழத் தொடங்கினாள். அன்று மருத்துவமனைக்குப் போகவில்லை. குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று நாங்களே முடிவுசெய்துகொண்டோம். போயிருக்க வேண்டும்.

மணமும் இல்லை, நிறமும் இல்லை

தணலிலிருந்து வந்தது கார்பன் மோனாக்சைடு. கரி, விறகு, எரிவாயு, மண்ணெண்ணெய், பெட்ரோல், டீசல் என எது எரிந்தாலும் காற்று போதாதபோது இது உண்டாகும். சுடர் விட்டு எரியும் நெருப்பைவிட, சுடர் அடங்கிக் கனலும் தணல் பல சமயம் மோசமானது. புகை இல்லையே என்று நாம் நிம்மதியாகப் படுக்கும் நேரத்தில்தான் அது தன் வேலையைத் தொடங்குகிறது.

நம் இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின், ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு கார்பன் மோனாக்சைடைப் பற்றிக்கொள்ளும். எனவே காற்றில் இந்த வாயு சிறிதளவு இருந்தாலே இரத்தத்தில் பேரளவு சேர்ந்துவிடும். மூச்சு சீராகவே நடக்கும். திணறல் வராது, இருமல் வராது. தூங்குகிறவரை எழுப்ப உடம்புக்குள் எந்த மணியும் அடிக்காது. குழந்தைகள் வேகமாக மூச்சுவிடுகிறவர்கள் என்பதால் அவர்களைத்தான் முதலில் சாய்க்கும். கருவிலுள்ள குழந்தைக்கு ஆபத்து தாயைவிட அதிகம். தாய் தேறியபின்னும் குழந்தையின் இரத்தத்தில் அது தங்கியிருக்கும்.

┌─ ஒரு கைப்பிடிக் கரியின் கணக்கு ─┐

படகின் படுக்கையறை ஒன்று 3 மீட்டர் நீளம், 2.5 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 15 கன மீட்டர், அதாவது 15,000 லிட்டர் காற்று.

காற்றின் 10 லட்சம் பங்கில் 400 பங்கு கார்பன் மோனாக்சைடு இருந்தால் ஓரிரு மணி நேரத்தில் தலைவலி. 800 பங்கு இருந்தால் முக்கால் மணி நேரத்தில் தலைசுற்றலும் குமட்டலும், இரண்டு மூன்று மணி நேரத்தில் மரணம். 1,600 பங்கு என்றால் ஒரு மணி நேரம் போதும்.

நம் அறையில் 800 பங்கை எட்டத் தேவைப்படுவது 12 லிட்டர் வாயு. அதை உண்டாக்க வேண்டிய கார்பன் 6 கிராம்தான். சிங்கப்பூரின் 50 காசு நாணயம்கூட அதைவிடக் கொஞ்சம் கனமானது. கரியில் பத்தில் ஒரு பங்கு மட்டுமே இப்படி அரைகுறையாக எரிகிறது என்று கொண்டாலும், காற்றுப் புகாத அறைக்கு ஒரு கைப்பிடிக் கரி போதும்.

└────────────────────┘

நமக்கு ஏன் தெரியாமல் போனது

சிங்கப்பூரில் பதிவான குளிரையெல்லாம் புரட்டிப் பார்த்தாலும் 19 டிகிரிக்குக் கீழே போகவில்லை. 1934 ஜனவரியில் 19.4 டிகிரி பதிவானதை இன்றும் குறிப்பிடுகிறார்கள். 2018 ஜனவரியில் சில நாள் 22 டிகிரிக்குப் பக்கத்தில் இறங்கியபோதே ஊரெல்லாம் ஸ்வெட்டரோடு படம் எடுத்துக்கொண்டது. வீவக வீடுகளில் காற்று இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போகும். மூடிய அறைக்குள் நெருப்பை வைத்துக்கொண்டு தூங்கும் தேவை இங்கே யாருக்கும் வந்ததில்லை.

நெருப்போடு பழகியவர்கள் இருந்தார்கள். தஞ்சோங் ரூவில் 1980களின் பிற்பகுதி வரை தொங்காங் படகுகள் கரி இறக்கின. அந்தக் கரி வீட்டு அடுப்புக்குப் போனது. சமைப்பவர்களுக்குத் தணலின் குணம் தெரியும்.

என் அம்மாவுக்கும் தெரிந்திருந்தது. மாயவரம் பக்கத்துக் கிராமத்தில் கும்மட்டி அடுப்போடு வளர்ந்தவர். தோ பாயோவில் என் தங்கைக்குப் பிள்ளை பிறந்தபோது சாம்பிராணிக்கான தணலை வெளித் தாழ்வாரத்தில் வைத்து நன்றாகப் பழுக்கவிட்டுத்தான் வீட்டுக்குள் கொண்டுவந்தார். கூந்தல் காய்ந்ததும் அந்த நிமிடமே வெளியே எடுத்துப்போய்விட்டார். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. எரிவாயு அடுப்பும் மின்சாரச் சாம்பிராணித் தட்டும் வந்ததோடு அந்தப் பழக்கமும் எங்கள் வீட்டில் சொல்லப்படாமலே முடிந்துபோனது. தால் ஏரியில் அம்மா கூடவே இருந்தார். ஊர் புதிது, மகன் செய்வது சரியாக இருக்கும் என்று அன்று அவர் வாய் திறக்கவில்லை.

சாத்திய கதவுகள்

2020 ஜனவரி. கேரளத்திலிருந்து நேப்பாளம் போன பதினைந்து பேர் கொண்ட சுற்றுலாக் குழு, பொக்காராவிலிருந்து திரும்பும் வழியில் தாமன் என்ற மலையூரில் இரவு தங்கியது. ஒரே அறையில் எட்டுப் பேர் படுத்தார்கள். இரண்டு தம்பதியர், நான்கு குழந்தைகள். குளிருக்காக எரிவாயு ஹீட்டர். கதவும் ஜன்னல்களும் உள்ளிருந்து தாழிடப்பட்டிருந்தன. 21ஆம் தேதி காலை அவர்கள் எழவில்லை. ஹெலிகாப்டரில் காட்மாண்டு மருத்துவமனைக்குக் கொண்டுபோயும் எட்டுப் பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. வேறு அறையில் தூங்கிய மற்றவர்கள் பிழைத்தார்கள்.

கொடைக்கானலில் 2024 ஆகஸ்டில், திருச்சியிலிருந்து வந்த இளைஞர்கள் இருவர் இறைச்சி சுட்ட கரி அடுப்பை அறைக்குள் வைத்துக்கொண்டு தூங்கி இறந்தார்கள். 2025 ஜனவரி 5 அன்று ஸ்ரீநகரின் பந்த்ரேதன் பகுதியில் வாடகை வீட்டில் கணவன், மனைவி, மூன்று குழந்தைகள். ஐவரும் ஆக்சிஜன் கிடைக்காமல் இறந்தனர். அவர்கள் காஷ்மீரிகள், அந்தக் குளிரில் பிறந்து வளர்ந்தவர்கள். ஆகவே இதை வெப்பநாட்டுக்காரர்களின் அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது.

தால் ஏரியிலேயே 2023 நவம்பர் 11 அதிகாலையில் படகு வீடுகள் தீப்பிடித்தன. ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவிய நெருப்பில் வங்காளதேசச் சுற்றுப்பயணிகள் மூவர் பலியானார்கள். வெப்பமூட்டும் சாதனத்தில் ஏற்பட்ட கோளாறு என்று முதல்கட்டச் செய்திகள் கூறின. காய்ந்த தேவதாரு, கம்பளி விரிப்பு, திரைச்சீலை, பக்கத்திலேயே அடுத்த படகு. கார்பன் மோனாக்சைடு அடக்கமாகக் கொல்லும். நெருப்பு ஊரைக் கூட்டிக் கொல்லும். படகில் இரண்டுக்கும் இடம் உண்டு, ஓடுவதற்கு மட்டும் இடமில்லை.

இந்தச் சாவுகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று மட்டும் கண்ணில் படுகிறது. பூஜ்யம் டிகிரிக்குப் பக்கத்தில், கூரையும் போர்வையும் கம்பளி உடையும் இருக்கும் ஆரோக்கியமான குடும்பம் ஓர் இரவில் குளிரால் மட்டும் சாவது அபூர்வம். குளிருக்குப் பயந்து நாம் செய்யும் காரியம்தான் கொல்கிறது. ஜன்னலைச் சாத்திய கைகளில் பெரும்பாலானவை அப்பா அம்மாவின் கைகளாகவே இருக்கும். பிள்ளைக்குச் சளி பிடிக்கக் கூடாதே என்ற பாசத்தில்.

படகறையின் குணம்

வீட்டறையைவிடப் படகறை ஏன் மோசம்? முதலில் அளவு. மேலே சொன்ன 15 கன மீட்டர்கூடப் படகு வீட்டுக் கணக்குதான். பாய்மரப் படகின் கீழறை அதில் பாதிகூட வராது. அடுத்து, தண்ணீர் புகாமல் கட்டப்பட்டது காற்றும் எளிதில் புகாதபடிதான் இருக்கும். மூன்றாவது, சமையல், எஞ்சின், தூக்கம் எல்லாம் சில அடிகளுக்குள். எஞ்சின் அறையின் தடுப்பில் ஒரு விரிசல், புகைக்குழாய் இணைப்பில் ஒரு துரு போதும், புகை படுக்கைக்கு வந்துவிடும்.

எரிவாயு உருளைக்கும் தனிக் குணம் உண்டு. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரைப்பலகைக்கடியில், படகின் அடிவயிற்றில் போய்த் தேங்கி ஒரு பொறிக்குக் காத்திருக்கும். கார்பன் மோனாக்சைடு அப்படிக் கீழே தங்காது. கிட்டத்தட்டக் காற்றின் எடைதான் என்பதால் அறை முழுக்கக் கலந்துவிடும். தரையில் படுத்தால் தப்பலாம், மேல்படுக்கையில் படுத்தால் தப்பலாம் என்று காதில் விழுவதெல்லாம் தவறு.

இந்த இடத்தில் சிங்கப்பூருக்குத் திரும்பியாக வேண்டும். செந்தோசா கோவிலும் துவாஸ் பக்கமும் சாங்கியிலும் உல்லாசப் படகுகள் நிற்கின்றன. பிறந்தநாளுக்கும் வார இறுதிக்கும் லாசரஸ் தீவோரம் நங்கூரமிட்டு இரவு தங்கும் குழுக்களில் நம்மவர்களும் இருக்கிறார்கள். இங்கே படகறையைச் சூடாக்க வேண்டியதில்லை, குளிர்விக்க வேண்டும். குளிரூட்டிக்கு மின்சாரம் வேண்டும். அதற்கு ஜெனரேட்டர் இரவெல்லாம் ஓடும். கதவு ஜன்னல் சாத்தியிருக்கும். அடுப்புக்குப் பதிலாக ஜெனரேட்டர், மற்றதெல்லாம் அதே கதைதான். காற்று பின்பக்கமிருந்து வீசினால் வெளியேற்றுக் குழாயின் புகை படகுக்குள்ளேயே சுருண்டு திரும்பும். பக்கத்தில் கட்டிய படகின் புகைகூட உங்கள் ஜன்னலுக்குள் வரும்.

அமெரிக்காவின் பாவல் ஏரியில் 2000 ஆகஸ்டில் படகு வீடு ஒன்றின் பின்புறத் தளத்தடியில் நீந்தப் போன சிறுவர்கள் இருவர், சகோதரர்கள், இறந்தார்கள். ஜெனரேட்டரின் புகைக்குழாய் அந்தத் தளத்தடியில்தான் திறந்திருந்தது. திறந்த வெளியில், கோடை வெயிலில், தண்ணீரில் நடந்தது அது. அந்த மரணங்களுக்குப் பிறகுதான் அங்கே அரசு ஆய்வாளர்கள் படகு வீடுகளை ஒவ்வொன்றாக அளந்து பார்க்கத் தொடங்கினார்கள்.

தேசியப் பூங்காக் கழக அனுமதியோடு கடலோரப் பூங்காக்களில் கூடாரம் போடுகிறவர்களுக்கும் இது பொருந்தும். டிசம்பர் மழையில் நனைந்த பிள்ளைகளுக்காகச் சுடுகுழியில் மிச்சமிருக்கும் கரியைத் தட்டில் அள்ளிக் கூடாரத்துக்குள் வைக்கத் தோன்றும். வைக்காதீர்கள்.

தேக்காவில் கிடைத்த பாடம்

ஞாயிற்றுக்கிழமை மாலை தேக்காவில் நிற்க இடமிருக்காது. பஃபலோ ரோட்டுப் பக்கம் டீயோடு நின்ற ஒரு புதுக்கோட்டைத் தம்பியிடம் பேச்சுக் கொடுத்தேன். கப்பல் பட்டறையில் வேலை. என் தால் ஏரிக் கதையைச் சொன்னேன். ஊர், குளிர், படகு எதையும் அவர் கேட்கவில்லை.

"கேஸ் செக் பண்ணலையாண்ணே?" என்றார்.

எனக்கு அது உறைத்தது. துவாஸிலும் மற்றப் பட்டறைகளிலும் கப்பலின் தொட்டிக்குள் இறங்கி வேலை செய்யும் தமிழ்த் தொழிலாளர்களுக்கு இந்த அறிவு அன்றாடச் சோறு. சிங்கப்பூரில் 2009ஆம் ஆண்டின் அடைபட்ட இடங்கள் தொடர்பான வேலையிடப் பாதுகாப்பு விதிமுறைகள் சொல்வது இதைத்தான். உள்ளே இறங்குமுன் தகுதி பெற்றவர் காற்றைச் சோதிக்க வேண்டும். ஆக்சிஜன் 19.5 முதல் 23.5 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். தீப்பற்றும் வாயு, நச்சு வாயு வரம்புக்குள் இருக்க வேண்டும். பெர்மிட் எழுதி வாசலில் ஒட்ட வேண்டும். புளோவர் ஓட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், மேன்ஹோலுக்கு வெளியே ஓர் ஆள் நிற்க வேண்டும். அட்டெண்டன்ட் என்பார்கள். அவர் உள்ளே போகக் கூடாது, இடத்தைவிட்டு நகரக் கூடாது. உள்ளே இருப்பவர் குரல் கொடுக்கிறாரா என்று கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஏதாவது ஆனால் ஆளைக் கூப்பிட வேண்டும், தானே குதித்துவிடக் கூடாது. ஒருவரைக் காப்பாற்ற இறங்கிய அடுத்தவரும் அதே காற்றில் விழுவார் என்பது அந்தத் தொழிலில் உயிர் கொடுத்துக் கற்ற பாடம்.

நான்கு பேர் கதவைச் சாத்திக்கொண்டு தணலோடு தூங்கும் படகறைக்கும் அந்தத் தொட்டிக்கும் என்ன வித்தியாசம்? தொட்டிக்கு வெளியே ஒருவர் விழித்திருக்கிறார். எங்கள் அறையில் எல்லோரும் தூங்கிவிட்டோம்.

அந்தத் தூங்காத ஆளை உள்ளங்கையில் அடங்கும் பெட்டியாக வாங்கலாம். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி. பிரிட்டனின் உள்நாட்டு நீர்வழிகளில், தங்கும் அறையுள்ள படகுகளுக்கு 2019 ஏப்ரல் 1 முதல் இதைக் கட்டாயமாக்கினார்கள். படகறைகளில் இந்த வாயுவால் பலர் இறந்துபோன பிறகு வந்த விதி அது. பல நாடுகளில் அப்படி விதி இல்லை; சட்டம் வரும்வரை நம் பெட்டியில் நாமே கொண்டுபோக வேண்டியதுதான். ஒரு குளிர் ஜாக்கெட்டின் விலையைவிட இதன் விலை பொதுவாகக் குறைவு.

சிராங்கூன் ரோட்டிலும் சுற்றுவட்டாரத்திலும் காஷ்மீர், மணாலி, உதகைப் பயணங்களை விற்கும் முகவர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. விடுதியில் சைவ உணவு கிடைக்குமா, வெந்நீர் வருமா என்றெல்லாம் கேட்டு உறுதிசெய்கிறீர்கள். படுக்கையறையை எதைக்கொண்டு சூடாக்குகிறார்கள் என்ற கேள்வியையும் அதோடு சேர்த்துக் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். காஷ்மீருக்கு என்றால், 2025 ஏப்ரல் பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு, வெளியுறவு அமைச்சின் பயண அறிவுரையை வாடிக்கையாளரிடம் முதலில் காட்டுவதும் உங்கள் பொறுப்பு.

┌─ கருவி வாங்கும்போது ─┐

புகை எச்சரிக்கைக் கருவி வேறு, இது வேறு. சிங்கப்பூரில் 2018 ஜூன் 1 முதல் புதிய வீடுகளில் கட்டாயமான வீட்டுத் தீ எச்சரிக்கைக் கருவி புகைக்கானது. தணலின் வாயு அதற்குத் தெரியாது.

படகு, கேரவன் போன்றவற்றுக்கான ஐரோப்பியத் தரம் இ.என். 50291-2. அந்த எண் பெட்டியில் இருக்கிறதா என்று பாருங்கள்.

இந்தத் தரத்தில், 10 லட்சத்தில் 50 பங்கு வாயு இருந்தால் 60 முதல் 90 நிமிடத்துக்குள், 100 பங்கு என்றால் 10 முதல் 40 நிமிடத்துக்குள், 300 பங்கு என்றால் 3 நிமிடத்துக்குள் கருவி அலற வேண்டும்.

தூங்கும் அறையில், தலையணை உயரத்தை ஒட்டி வையுங்கள். பைக்குள், திரைக்குப் பின்னால், ஜன்னல் இடுக்கோரம் வேண்டாம். பொத்தானை அழுத்திச் சோதியுங்கள். உணரிக்கு ஆயுள் உண்டு. முடியும் தேதி பின்புறம் இருக்கும்.

└────────────────────┘

ஆக்சிமீட்டர் பொய் சொல்லும்

2021இல் தெமாசெக் அறநிறுவனம் சிங்கப்பூரின் ஒவ்வொரு வீட்டுக்கும் ஆக்சிமீட்டர் கொடுத்தது. அநேகமாக உங்கள் வீட்டு இழுப்பறையிலும் ஒன்று இருக்கும். பயணத்துக்கு அதை எடுத்துப்போகிறவர்களும் உண்டு. கோவிட் காலத்தில் அது உயிர் காத்தது. இங்கே அதை நம்பவே கூடாது. கார்பன் மோனாக்சைடு பற்றிய ஹீமோகுளோபினையும் ஆக்சிஜன் பற்றியதையும் விரலில் மாட்டும் சாதாரணக் கருவியால் பிரித்தறிய முடியாது. உள்ளே இருப்பவர் மயங்கிக்கொண்டிருக்கும்போதும் திரையில் 98 காட்டும். இதை எத்தனை பேருக்குச் சொல்ல முடியுமோ அத்தனை பேருக்குச் சொல்லுங்கள்.

பிறகு எதைப் பார்ப்பது? தலைவலி, தலைசுற்றல், குமட்டல், கைகால் தளர்ச்சி, பேச்சுக் குழறல். காய்ச்சல் இருக்காது. ஓர் அறையில் இருந்த எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வரும். வெளிக்காற்றில் நின்றால் குறையும், உள்ளே போனால் திரும்பும். சிக்கல் என்னவென்றால் இந்த அறிகுறிகளுக்கெல்லாம் நம்மிடம் வேறு பெயர் தயாராக இருக்கிறது. படகில் என்றால் கடல் மயக்கம், மலையில் என்றால் உயர மயக்கம், பிள்ளைக்கு என்றால் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை, புத்தாண்டு இரவென்றால் குடி. நாங்கள் சொல்லிக்கொண்டதும் அப்படி ஒரு பெயர்தான்.

சந்தேகம் வந்தால் கதவைத் திறந்து எல்லோரையும் வெளியே இழுத்து வாருங்கள். சாமான் எடுக்கத் திரும்பிப் போகாதீர்கள். சிங்கப்பூரில் 995, இந்தியாவில் 112, ஜப்பானிலும் கொரியாவிலும் 119, நியூசிலாந்தில் 111. வருகிறவரிடம் 'கார்பன் மோனாக்சைடாக இருக்கலாம்' என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவர்களும் ஆக்சிமீட்டரைப் பார்த்து ஏமாறக்கூடும்.

வெளியே வந்ததும் தெளிந்துவிட்டது, இனி மருத்துவர் எதற்கு என்று விடக் கூடாது. வெறும் காற்றை மூச்சிழுத்தால் இரத்தத்திலுள்ள அந்த வாயு பாதியாகக் குறையவே நான்கைந்து மணி நேரம் ஆகும். முகமூடி வழியாகத் தூய ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்றரை மணி நேரத்துக்குள் அது நடக்கும். அழுத்தமூட்டிய அறைக்குள் ஆக்சிஜன் கொடுத்தால் 20 முதல் 30 நிமிடம். ஆழ்கடல் முக்குளிப்போருக்கு வரும் அழுத்தக் குறைவு நோய்க்கும் இந்த நச்சுக்கும் பயன்படும் அந்த அழுத்த அறை சிங்கப்பூர் பொது மருத்துவமனையிலேயே இருக்கிறது. உயிர் தப்பியவர்களில் சிலருக்கு நாட்கள், வாரங்கள் கழித்து ஞாபக மறதியும் குணமாற்றமும் நடைத் தடுமாற்றமும் வருவதுண்டு. என் மகள் அடுத்த பள்ளித் தவணை முழுக்க எதையாவது மறக்கும்போதெல்லாம் நான் தூங்கவில்லை. சாதாரணக் குழந்தை மறதிதான் என்று மருத்துவர் சொன்ன பிறகும்.

நெருப்பில்லாத கதகதப்பு

படுக்கையறைக்குள் தணல் வேண்டாம், புகைக்குழாய் இல்லாத எரிவாயு ஹீட்டரும் வேண்டாம். காஷ்மீரிகள் ஃபெரன் அங்கிக்குள் வைத்துக்கொள்ளும் 'காங்கிரி' தீச்சட்டி பார்க்க அழகு; போர்வைக்குள் அதோடு தூங்காதீர்கள். படகிலேயே ஹீட்டர் பொருத்தியிருந்தால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். எரிவதற்கான காற்றை வெளியிலிருந்து இழுத்து, புகையையும் வெளியே விடுகிறதா? ஆம் என்றால் நல்லது, அப்போதும் எச்சரிக்கைக் கருவி வேண்டும். அறைக்காற்றையே எரிக்கிறது என்றால் தூங்குமுன் அணைத்தாக வேண்டும். சமையலடுப்பைக் குளிர்காயப் பயன்படுத்தவே கூடாது. படகில் ஏறியவுடனே வெளியேறும் வழி இரண்டைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், மின்ஹீட்டரைத் திரைச்சீலையிலிருந்தும் போர்வையிலிருந்தும் நன்றாகத் தள்ளி வையுங்கள்.

கூடத்து அடுப்பை மாலையில் நன்றாக எரியவிட்டு, படுக்கையறைக் கதவைத் திறந்துவைத்துச் சூட்டை உள்ளே வாங்கிக்கொள்ளலாம். ரப்பர் வெந்நீர்ப் பையைப் படுக்கும் அரைமணி முன்னால் போர்வைக்குள் கால்பக்கம் வையுங்கள். கொதிநீர் ஊற்றாதீர்கள், குழந்தையின் தோலில் நேராகப் படவிடாதீர்கள். பகலில் போட்ட உடையில் வியர்வையின் ஈரம் இருக்கும். படுக்கும்முன் உள்ளாடை, காலுறை எல்லாம் உலர்ந்ததாக மாற்றுங்கள். தலைக்குக் குல்லா. மெத்தைக்கு அடியிலிருந்து வரும் குளிரும் உடம்புச் சூட்டை உறிஞ்சும், ஆகவே ஒரு கம்பளியை மேலே போர்த்துவதற்குப் பதில் கீழே விரித்துப் பாருங்கள். இரவுணவைக் கொஞ்சம் நெய்யோடு சாப்பிடுங்கள். மது வேண்டாம், உடம்பு சூடேறியதுபோல் தோன்றும், உண்மையில் சூடு தோல் வழியே வெளியேறிக்கொண்டிருக்கும்.

ஜன்னல் இடுக்கு? அதைத் திறந்தே வையுங்கள். நான்கு பேர் இரவெல்லாம் விடும் மூச்சின் ஈரம் மூடிய படகறையில் கண்ணாடியிலும் சுவரிலும் வழிந்து, கடைசியில் போர்வையிலேயே இறங்கும். ஈரப்போர்வை சில்லிடும். மேலே ஓர் இடுக்கு, கீழே ஓர் இடுக்கு இருந்தால் ஈரம் போய், படுக்கை விடியும்வரை உலர்ந்தே இருக்கும். அந்தப் பராமரிப்பாளரின் இரண்டு விரல் கணக்கு இரண்டு காரியத்துக்கும் சேர்த்துத்தான். ஆனால் இடுக்கு இருக்கிறதே என்ற தைரியத்தில் தணலை உள்ளே வைக்காதீர்கள். இரண்டு விரல் இடைவெளி எவ்வளவு வாயுவை வெளியேற்றும் என்று எந்த இரவிலும் யாராலும் சொல்ல முடியாது.

அன்றிரவு கடையில், காலுறையைக் கீழே வைத்துவிட்டு அந்தக் குடும்பத்திடம் போனேன். முன்பின் தெரியாதவன் தள்ளுவண்டிக்குக் குறுக்கே நின்று இதையெல்லாம் சொன்னால் எப்படி இருந்திருக்கும் என்று தெரியவில்லை. அப்பா பொறுமையாகக் கேட்டார். அம்மா பட்டியலில் ஒரு வரி சேர்த்தார். குல்லாப் பையன், "அது எப்படிக் கத்தும் அங்கிள்?" என்று கேட்டான்.

என் பெட்டியில் இருப்பது இரண்டாவது கருவி. முதலாவதற்கு ஆயுள் முடிந்தது. அம்மாவுக்கு இப்போது எண்பது நெருங்குகிறது, வெளியூர்ப் பயணங்களை நிறுத்திவிட்டார். நாங்கள் கிளம்பும்போது வாசல் வரை வந்து கடவுச்சீட்டு, மருந்து, பணம் எதையும் விசாரிப்பதில்லை. "அந்தச் சத்தப் பெட்டிய எடுத்துக்கிட்டியா?" என்று கேட்கிறார். நான் பையைத் திறந்து பொத்தானை அழுத்திக் காட்டுகிறேன். தாழ்வாரம் முழுக்க அது கத்துகிறது. சரி, போய்ட்டு வாங்க என்கிறார்.